திரும்பி வரும் கதவை மூடாதீர்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் மனிதவளத் துறைத் தலைமைக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். அடுத்த அப்ரைசல் (பணி மதிப்பீடு) சுற்றிலிருந்து, ஆட்களை நிர்வகிக்காமல் தொழில்நுட்ப வேலையிலேயே மேலே போக வழிவிடும் முதன்மைப் பொறியாளர் என்ற பதவி வரிசை இருக்காது. சீனியர் நிலைக்கு மேலே போக விரும்பும் யாரும் ஆட்களை நிர்வகித்தே ஆக வேண்டும். ஒரு மேலாளரின் கீழ் 14 பேர் இருப்பார்கள். அந்த மேலாளர் தன் நேரத்தில் பாதியைக் கோடிங்கில் செலவிட வேண்டும். புதிய மேலாளர்களுக்காக நாங்கள் சிலர் கேட்டுக் கேட்டு வாங்கிய மூன்று மாத வழிகாட்டுதல் ஏற்பாடும் நிற்கப்போகிறது. சரி, செலவைக் குறைக்க வேண்டிய நிலைமை உங்களுக்கு இருக்கலாம். ஆனால் இந்த ஐந்தும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, அந்தப் பாதையில் நடந்து வந்தவன் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும்.

நான் 11 ஆண்டுகள் டேட்டாபேஸ் நிர்வாகியாக வேலை பார்த்தேன். அப்புறம் கடந்த எட்டு ஆண்டுகளாக ஒரு டீமை நடத்துகிறேன். எனக்கு அந்தப் பதவி கொடுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: டீமிலேயே டேட்டாபேஸ் நன்றாகத் தெரிந்தவன் நான். ஆட்களோடு பேசத் தெரியுமா, ஒருவரை வளர்த்துவிடும் பொறுமை இருக்கிறதா, இந்த வேலையில் விருப்பம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சம்பளம் கூடும் என்பதால் சரி என்றேன்.

மேலாளராகி நான்காவது மாதம் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சுற்றறிக்கையைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரவுதான். அதிகாலை இரண்டு மணி. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்ஷன் சர்வரில் டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. அன்று ஆன்காலில், அதாவது கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் முறைப்பொறுப்பில், இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆன இளைஞர். நானும் அலுவலகத்தில்தான் இருந்தேன். அவர் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ். சில வாரங்களுக்கு முன் நாங்கள் கழற்றிவிட்ட ஒரு நகல் சர்வருக்கான ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது அந்த நகல் எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் பதிவு, நீக்கப்படாமல் கிடந்தது. அந்த நகல் என்றாவது வந்து படித்துக்கொள்ளும் என்று டேட்டாபேஸ் தன் பதிவுக் கோப்புகளை ஒன்றுகூட அழிக்காமல் சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தது. இந்த மாதிரிச் சிக்கலை நான் முன்பு இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதனால் கை சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்லாட்டை நீக்கி, தேவையற்ற பதிவுக் கோப்புகளை அழிக்கவைக்கும் செக்பாயின்ட் கட்டளையை ஓட்டி, இருபது நிமிடத்தில் டிஸ்க்கை இறக்கிவிட்டேன். மறுநாள் காலை என் பெயரைச் சொல்லிப் பாராட்டி மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. டீம் முழுக்க அதைப் பார்த்தது.

ஐந்து மாதம் கழித்து அந்த இளைஞர் ராஜினாமா கொடுத்தார். கடைசி நாளில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு நைட் நான் கண்டுபிடிச்சிருந்தேன் சார். ஸ்லாட் லிஸ்ட் எடுக்குற குவரிய டைப் பண்ணி வெச்சிருந்தேன். என்டர் தட்டத்தான் பாக்கி."

நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது திரையில் அந்த வரி இருந்திருக்கிறது. அதைப் படிக்கக்கூடச் செய்யாமல் அழித்துவிட்டு என் கட்டளையை அடித்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் அல்ல. 11 ஆண்டுகளாக எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த பழக்கம் அது. சர்வர் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குபவன்தான் நல்ல டெக்னிகல் ஆள். அதே பழக்கம் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தபோது இன்னொருவர் கையிலிருந்த வாய்ப்பைப் பிடுங்கியது. இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதற்குள் ஒரு நல்ல பொறியாளரை நிறுவனம் இழந்திருந்தது. வழிகாட்ட ஒருவர் இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே "விசைப்பலகையைத் தொடாதே, பக்கத்தில் நின்று கேள்வி கேள்" என்று ஒரு வரி சொல்லியிருப்பார். அந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் வைக்கும் ஏற்பாட்டைத்தான் நீங்கள் இப்போது நிறுத்தப்போகிறீர்கள்.

இந்த வேலை என்ன என்பது எனக்குப் பிடிபட ஒன்றரை ஆண்டு ஆனது. கோட் எழுதுகிறவனுக்கு அன்றன்றைக்கே பதில் கிடைத்துவிடும். டெஸ்ட் ஓடும், அல்லது உடையும். மாலையில் வீட்டுக்குப் போகும்போது இன்று என்ன செய்தேன் என்பது தெரியும். மேலாளருக்கு அந்தப் பதில் வர மாதக்கணக்காகும். வாரம் அரைமணி நேரம் ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேசியதால் அவர் எட்டு மாதம் கழித்து ஒரு டேட்டாபேஸ் இடமாற்றத்தை (மைக்ரேஷன்) தனியாக நடத்தி முடித்தார் என்று எந்த டாஷ்போர்டும் காட்டாது. அந்த ஒன்றரை ஆண்டில் பல மாலைகள் "இன்று ஒன்றுமே செய்யவில்லையே" என்ற குற்ற உணர்வோடு, எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து டிக்கெட்டுகளை (பதிவான வேலைக் கோரிக்கைகளை) மூடிக்கொண்டிருந்தேன். அவை என் டீம் ஆட்கள் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய டிக்கெட்டுகள்.

இனி, பாதி நேரம் கோடிங் என்ற விதிக்கு வருகிறேன். மேலாளர் டெக்னிகல் அறிவை இழந்துவிடக் கூடாது என்பதுதான் உங்கள் நோக்கமென்றால் அதில் எனக்கு முழுச் சம்மதம். டிசைன் ஆவணத்தைப் படித்து எங்கே உடையும் என்று கேட்கத் தெரியாதவர், "மூணு நாள்ல முடிஞ்சிடும்" என்பதில் எந்த மூன்று நாள் உண்மை என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர், டெக்னிகல் டீமை நடத்த முடியாது. நான் இன்றும் டிசைன் விவாதங்களில் உட்காருகிறேன், பெரிய கோளாறுகளுக்குப் பிறகு நடக்கும் ஆய்வுகளை விடாமல் படிக்கிறேன், யாரும் காத்திருக்காத சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதுகிறேன். ஆனால் முக்கியமான கோடை மேலாளர் கையில் வைத்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது ஆண்டில் லாகின் மாட்யூலை நானே எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். பட்ஜெட் கூட்டம், இன்டர்வியூ, மேலிடம்வரை போன ஒரு புகார் என்று அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது. மூன்று பேர் ஒன்பது நாட்கள் என் ஒரு மாட்யூலுக்காகக் காத்திருந்தார்கள். மேலாளரிடம் "இன்னும் முடியலையா" என்று கேட்க மூவருக்கும் தயக்கம்.

அந்தத் தயக்கம், ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் இன்னும் மோசமாகத் தெரியும். நான் எழுதிய கோடில் ஒரு தவறு இருந்தது. ரிவ்யூ செய்தவர் அதைப் பார்த்துவிட்டும் ஒப்புதல் கொடுத்தார். பின்னர் கேட்டபோது "நீங்க ஏதோ காரணத்தோடதான் அப்படி எழுதியிருப்பீங்கனு நினைச்சேன்" என்றார். தன் அப்ரைசலை எழுதுகிறவருடைய கோடில் யார் துணிந்து சிவப்புக்கோடு போடுவார்கள்? இதைவிட ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. சுவாரசியமான வேலை டீமுக்கு வரும்போது அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் மேலாளர். அவருக்கும் கோடிங் இலக்கு வைத்தால், தன் ஆட்களோடு அவரே போட்டிக்கு நிற்கிறார். பந்தி பரிமாறுகிறவரே இலை போட்டு உட்கார்ந்த கதை இது.

14 பேர் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கோடிங்குக்கு 20 போய்விட்டது. 14 பேரோடு ஆளுக்கு அரைமணி வீதம் தனியாகப் பேசினால் 7 மணி. மிச்சம் 13 மணி நேரத்தில் திட்டமிடல், இன்டர்வியூ, வாடிக்கையாளர் கூட்டம், அப்ரைசல், ரிவ்யூ, நடுராத்திரிக் கோளாறு எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. எதை வெட்டுவார்கள் என்பதும் தெரிந்ததே, அந்தத் தனிப் பேச்சைத்தான். ஏனென்றால் அது நடக்கவில்லை என்று அடுத்த நாள் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, ஆள் எண்ணிக்கை கூடுவதைவிட வேகமாகக் கூடுவது ஆட்களுக்கு இடையிலான பேச்சுவழிகள். 7 பேர் கொண்ட டீமில் இருவர் இருவராகச் சேர்த்தால் 21 இணைகள். 14 பேர் என்றால் 91. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் இதே கணக்கை 1975-இலேயே எழுதிவைத்தார். தாமதமாகிப்போன திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம் இன்னொன்று.

சுற்றறிக்கையில் "உலகின் முன்னணித் தொழில்நுட்ப நிறுவனங்களின் நடைமுறைப்படி" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

கூகுள் 2002-இல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று முயன்று பார்த்தது. சில மாதங்களுக்கு மேல் அது தாங்கவில்லை. செலவுக் கணக்கு, ஆட்களுக்கு இடையிலான மனத்தாங்கல் என்று எல்லாம் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. பிறகு அந்நிறுவனமே தன் மேலாளர்களைப் பற்றி புராஜெக்ட் ஆக்சிஜன் என்ற ஆய்வை நடத்தியது. நல்ல மேலாளரிடம் காணப்படும் எட்டுப் பழக்கங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலில் நின்றது ஆட்களுக்கு நல்ல பயிற்சியாளராக இருப்பது. டெக்னிகல் திறமையும் பட்டியலில் இருந்தது, ஆனால் எட்டாவதாக. பொறியாளர்களால் நடத்தப்படும் நிறுவனம் தன் சொந்தத் தரவிலிருந்து கண்ட முடிவு அது.

தொழில்நுட்ப ஆட்களுக்குத் தனி ஏணி வேண்டும் என்பதும் நேற்று முளைத்த யோசனை அல்ல. ஐபிஎம் 1963-இலேயே ஃபெல்லோ என்ற பதவியை உண்டாக்கியது. ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் அந்த ஆண்டிலேயே ஃபெல்லோ ஆக்கப்பட்டார். டெக்னிகல் வேலையிலேயே இருந்துகொண்டு ஒருவர் நிறுவனத்தின் உச்சத்துக்குப் போகலாம் என்ற வழியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள். நீங்கள் அந்த வழியை அடைக்கிறீர்கள்.

வேலையில் சிறந்தவரையே மேலாளராக்கினால் என்ன ஆகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஒருவர் தனக்குச் சரிவராத நிலை வரும்வரை பதவி உயர்ந்துகொண்டே போவார் என்று கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969-இல் சொன்னார். பலர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர் தரவைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே அதிகம் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் மேலாளரான பிறகு அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள்தான் மேலாளராக நன்றாகச் செய்தார்கள். நிறுவனங்களோ பதவி உயர்வு தரும்போது அதற்குப் போதிய மதிப்புத் தரவில்லை. விற்பனையும் சாப்ட்வேரும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் படித்தபோது என் கதையை யாரோ எழுதியது போலத்தான் இருந்தது.

என் கதையைவிட என்னை அதிகம் வருத்துவது இன்னொருவருடைய கதை. எங்களிடம் ஒரு நெட்வொர்க் நிபுணர் இருந்தார். 14 ஆண்டு அனுபவம். மற்றவர்கள் இரண்டு நாள் தேடும் கோளாறை, நெட்வொர்க்கில் ஓடிய தரவின் பதிவான பாக்கெட் கேப்சரைத் திறந்து நாடி பிடித்துப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்து அரைமணியில் சொல்லிவிடுவார். அவரை ஒன்பது பேருக்கு மேலாளராக்கினீர்கள். மனிதர் கூச்ச சுபாவம். ஒருவரிடம் "உங்க வேலை சரியில்லை" என்று சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு அவருக்குத் தூக்கம் வராது. எட்டாவது மாதம், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். மனிதவளத் துறை சொன்ன பதில் என்ன தெரியுமா? அப்படித் திரும்புவதற்கு சிஸ்டத்தில் வழி இல்லை, பதவி இறக்கமாகத்தான் பதிய முடியும், சம்பளம் இரண்டு படி குறையும். அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. தனக்கு எது வரும், எது வராது என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்குக் கிடைத்தது அது. இரண்டு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒரே நாளில் நாம் ஒரு மேலாளரையும் இழந்தோம், இருந்ததிலேயே சிறந்த நெட்வொர்க் ஆளையும் இழந்தோம். தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்க அவர் விட்டுப்போன ரௌட்டிங் அமைப்பைப் புரிந்துகொள்ளவே மற்றவர்களுக்குப் பல மாதம் பிடித்தது.

இப்போதுவரை இது ஒருவருக்கு நேர்ந்த கதை. உங்கள் புதிய விதி வந்தால் சீனியர் நிலையில் இருக்கும் எல்லோருக்கும் இதுதான் பாதை. மேலே போக வேண்டுமானால் விரும்பாத தொழிலுக்குப் போக வேண்டும், பிடிக்கவில்லையென்றால் திரும்ப முடியாது. அப்படி வந்து உட்காருகிற மேலாளரிடம் மாட்டிக்கொள்ளும் 14 பேரையும் நினைத்துப் பாருங்கள்.

இந்த வேலையை நான் நேசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு மீண்டும் ஒரு இரவு, மீண்டும் டிஸ்க் எச்சரிக்கை. ஆன்காலில் இருந்த பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கைகளை மேசைக்குக் கீழே கோத்துக்கொண்டேன். "என்ன நினைக்கிறீங்க?", "அதை எப்படி உறுதிப்படுத்துவீங்க?" என்று இரண்டு கேள்விதான் கேட்டேன். நானாக இருந்தால் இருபது நிமிடம். அவருக்கு 50 நிமிடம் ஆனது. அந்த முப்பது நிமிடமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது எட்டு ஆண்டில் நான் கற்ற மிகக் கடினமான பாடம். மறுநாள் அறிக்கையை அவரே எழுதினார், அவர் பெயரிலேயே போனது. இன்று மற்றவர்களுக்கு அந்தச் சிக்கலைச் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். இதைச் செய்ய ஆசையும் பொறுமையும் உள்ளவர்கள் நம் டீம்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கேட்டு எடுங்கள். மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதன்மைப் பொறியாளர் வரிசையை நீக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அந்த வரிசையில் இருப்பவருக்கும் அதே நிலையில் உள்ள மேலாளருக்கும் ஒரே சம்பள அளவு என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இது இல்லாமல் மற்றவற்றைச் செய்தும் பயனில்லை.

புதிதாக மேலாளராகும் ஒவ்வொருவருக்கும் முதல் ஓராண்டைச் சோதனைக் காலமாக வையுங்கள். அதற்குள் அவர் பழைய வேலைக்குத் திரும்ப விரும்பினால் பதவியும் சம்பளமும் குறையாமல் திரும்பலாம் என்றும், அது பதவி இறக்கமாக எங்கும் பதியப்படாது என்றும் விதி வேண்டும். சிஸ்டத்தில் வழி இல்லையென்றால் சிஸ்டத்தை மாற்றுங்கள். சாப்ட்வேர் நிறுவனத்தில் அதைச் செய்ய ஆள் இல்லாமல் போகவில்லை.

மூன்று மாத வழிகாட்டுதல் தொடர வேண்டும். செலவுதான் தடை என்றால், என்னோடு மூன்று மேலாளர்கள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக எதுவும் வாங்காமல் அதை நடத்தத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அனுமதி மட்டும் போதும்.

ஒரு மேலாளரிடம் எட்டுப் பேருக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். பாதி நேரம் கோடிங் என்ற இலக்கை எடுத்துவிட்டு, டிசைன் விவாதங்களிலும் கோளாறு ஆய்வுகளிலும் மேலாளர் பங்கெடுப்பதைக் கேளுங்கள். மேலாளரை மதிப்பிடும்போது அவர் மூடிய டிக்கெட்டுகளை எண்ணாமல், அவர் டீமில் யார் வளர்ந்தார்கள், யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று பாருங்கள். போகிறவர்களிடம் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு உண்மை தெரிந்தது அப்படிக் கேட்டதால்தான்.

அப்ரைசல் சுற்று தொடங்குவதற்கு முன், சீனியர் பொறியாளர்கள் எல்லோரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். என் டீமில் மட்டும் இந்த விதிக்குள் வருகிறவர்கள் நான்கு பேர். அதில் இருவர் வெளியே வேலை தேடத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். உங்கள் பதில் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டேட்டாபேஸ் டீமின் மேலாளர்